பலகையிலிருந்து திரைக்கு: ஆடுபுலி ஆட்டத் தழுவல்களும் வெட்சித்திணையும்

ஆய்வுச் சுருக்கம்

மேசையில் ஆடப்பட்ட போர் விளையாட்டுகள் கணினி வியூக விளையாட்டுகளாக மாறும்போது எவை இடம்பெயர்கின்றன, எவை பின்தங்குகின்றன என்பதை ஆடுபுலி ஆட்டத்தின் கைப்பேசி வடிவங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பலகையின் உருவம் எளிதில் திரையேறிவிடுகிறது. விதியை ஆடுவோர் தமக்குள் பேசி முடிவுசெய்யும் உரிமை ஏறுவதில்லை என்பது இதன் வாதம். இவ்வாட்டத்தைப் போர் எனக் கொள்ளத் தொல்காப்பிய வெட்சித்திணை தரும் இடமும், அத்திணையின் துறைவரிசை இன்றைய வியூக விளையாட்டுகளின் வடிவமைப்பை நோக்கி எழுப்பும் கேள்வியும் பின்பகுதியில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆடுபுலி ஆட்டம், மேசைப் போர் விளையாட்டு, வியூக விளையாட்டு, தழுவல், வெட்சித்திணை, நடுகல்

முன்னுரை

மரபு விளையாட்டுகள் குறித்த பேச்சு எழும் இடங்களில் ‘மின்னுருவாக்கம்’ என்னும் சொல் இன்று தவறாமல் வந்து நிற்கிறது. பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் செயலிகளாகிவிட்டன. ஆகவே அவை பிழைத்துக்கொண்டன என்ற மகிழ்ச்சியோடு அப்பேச்சு முடிந்துவிடுவதும் உண்டு. ஒரு நாவல் திரைப்படமாகும்போது நாம் இவ்வளவு எளிதில் மகிழ்வதில்லை. எந்தப் பாத்திரம் நீங்கியது, எந்த முடிவு மாற்றப்பட்டது, மாற்றம் ஏன் நிகழ்ந்தது என்றெல்லாம் கேட்கிறோம். விளையாட்டைத் தழுவும்போது மட்டும் இக்கேள்விகள் எழாதது ஏன்?

தழுவல் கோட்பாட்டைப் பற்றி 2006 இல் எழுதிய லிண்டா ஹட்சன், சொல்லுதல், காட்டுதல், பங்கேற்றல் எனக் கதையோடு ஈடுபடும் மூவகை முறைகளைப் பிரித்து, கணினி விளையாட்டை மூன்றாவதில் வைத்தார். அங்கு அவர் கருதியது பெரும்பாலும் கதை விளையாட்டாவதை. பலகை விளையாட்டு கணினி விளையாட்டாகும் இடத்தில் தொடக்கமும் பங்கேற்றல், முடிவும் பங்கேற்றல். இங்கே மாறுவது ஈடுபாட்டின் வகையன்று. பங்கேற்பின் நிபந்தனைகளே மாறுகின்றன. இயான் போகோஸ்ட் 2007 இல் வெளியிட்ட நூலில், ஒரு விளையாட்டு தன் கருத்தைப் படத்தாலோ வசனத்தாலோ அன்றி விதிகளின் இயக்கத்தால் உணர்த்துகிறது என்று வாதிட்டார். அக்கருத்தை ஏற்போமாயின், விதி மாறிய இடத்தில் பொருளும் மாறிவிட்டது என்றே கொள்ள வேண்டும். பலகையின் கோடு ஒன்றுகூட மாறாமல் இருந்தாலும் இது பொருந்தும்.

போரா, வேட்டையா?

ஆடுபுலி ஆட்டத்தைப் போர் விளையாட்டுகளோடு சேர்த்துப் பேசுவது சரியா என்ற ஐயம் முதலில் தீர வேண்டும். எச். ஜே. ஆர். முர்ரே 1952 இல் வெளியிட்ட பலகை விளையாட்டு வரலாற்றில் போர் விளையாட்டுகள், வேட்டை விளையாட்டுகள், ஓட்ட விளையாட்டுகள் எனத் தனித்தனி வகுப்புகளை அமைத்தார். இரு தரப்பும் நிகரான படையோடு மோதினால் போர். ஒரு தரப்பு சிலவாகவும் மறுதரப்பு பலவாகவும் இருந்து, சிலவற்றை வளைத்துப் பிடிப்பது நோக்கமானால் வேட்டை. அவ்வகையில் ஆடுபுலி ஆட்டம் வேட்டையே. ஆயினும் இவ்வகைப்பாடு, போர் என்றால் நிகர்ப்படை மோதல் என்னும் ஒரு பண்பாட்டின் முற்கோளைத் தன்னுள் கொண்டது என்பதை மறக்கலாகாது.

தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ (1954) நூலில் வேறொரு வழியை மேற்கொண்டார். ஆண்பால், பெண்பால், இருபால் என ஆடுவோரைக் கொண்டும், பகல், இரவு, இருபொழுது என ஆடும் நேரத்தைக் கொண்டும் அவர் விளையாட்டுகளை வகுத்தார். முர்ரே ஆட்டத்தின் இயக்கத்தைப் பார்த்தார். பாவாணர் ஆடுபவரைப் பார்த்தார். தழுவலை மதிப்பிடும் நமக்கு இரண்டும் தேவைப்படுகின்றன. முதலாவது மட்டும் கையில் இருப்பவருக்குச் செயலியும் தரையில் கீறிய பலகையும் ஒன்றாகவே தோன்றும்.

போரின் வகைப்பாட்டுக்கு நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் போரை அதன் நோக்கத்தைக் கொண்டே பிரிக்கிறது. ஆநிரை கவர்தல் வெட்சி; மண்ணாசையால் மேற்செல்லல் வஞ்சி; அரண் முற்றுகை உழிஞை; வலிமையை நிலைநாட்டப் பொருதல் தும்பை. நிகர்ப்படை மோதல் என்பது இவற்றுள் ஒன்றன் இயல்பே தவிர, போர் என்பதன் இலக்கணமே அன்று. இன்னொன்றும் நோக்கத்தக்கது. வெட்சி குறிஞ்சிக்குப் புறனாக வைக்கப்பட்டுள்ளது. மலைநிலத்தின் போர் விலங்குகளைக் கவர்வதும் காப்பதுமாக அமைகிறது. மீட்டலைக் கரந்தை எனத் தனித்திணையாகப் பிரித்தது பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையே; தொல்காப்பியத்தில் கவர்தலும் மீட்டலும் ஒரே திணையின் இரு முகங்கள். இந்நோக்கில், புலி ஆட்டைக் கவர்வதும் ஆடுகள் சூழ்ந்து அதை அடக்குவதும் ஆகிய ஆட்டம் வேட்டை என்று ஒதுக்கப்பட வேண்டியதில்லை. அது வெட்சியில் தொடங்கி உழிஞையில் முடியும் போராட்டம் என்பதே என் துணிபு. புலி கொள்ளையடிக்கிறது, ஆடுகள் முற்றுகையிடுகின்றன. இரு தரப்பும் ஒரே பலகையில் இருவேறு போர்களை நடத்துகின்றன.

நடுவர் யார்?

மேசைப் போர் விளையாட்டு கணினிக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் பார்க்காமல் மேலே செல்ல இயலாது. பிரஷியாவில் ரைஸ்விட்ஸ் 1812 இல் அரசனுக்குச் செய்து காட்டிய போர் மேசையை அவர் மகன் திருத்தி, 1824 இல் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்னும் பெயரில் விதிநூலாக வெளியிட்டார். 1:8000 அளவிலான நிலப்படம், படையைக் குறிக்கும் கட்டைகள், பகடை, இழப்பைக் கணக்கிடும் அட்டவணைகள் ஆகியவை அதன் உறுப்புகள். இவை அனைத்தினும் முதன்மையானவர் நடுவர். இரு தரப்பாரும் தம் கட்டளைகளை நடுவரிடம் தருவர்; அவர் பகடை உருட்டி அட்டவணை பார்த்து முடிவு சொல்வார்; ஒரு தரப்பின் கண்ணுக்கு எட்டாத எதிரிப் படையை மேசையில் வைக்காமல் மறைப்பார். அட்டவணைகளின் சுமை ஆட்டத்தை நெரிக்கிறது என்ற குறை எழுந்தபோது, வெர்டி டு வெர்னுவா 1876 இல் அட்டவணையைத் தள்ளிவிட்டு நடுவரின் பட்டறிவுக்கே தீர்ப்பை விடும் முறையை முன்வைத்தார். இறுக்கமான ஆட்டம், கட்டற்ற ஆட்டம் என்ற பிரிவு அன்றே தோன்றிவிட்டது.

அமெரிக்காவில் சார்லஸ் எஸ். ராபர்ட்ஸ் 1954 இல் ‘டாக்டிக்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டுப் போர் விளையாட்டை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தார். அவர் நிறுவிய அவலான் ஹில் நிறுவனத்தின் விளையாட்டுகளில் நடுவர் இல்லை. அவர் இடத்தில் அச்சிட்ட விதிநூலும் போர்முடிவு அட்டவணையும் இருந்தன. பின்னர் ஸ்ட்ராட்டஜிக் சிமுலேஷன்ஸ் நிறுவனம் 1980 இல் ‘கம்ப்யூட்டர் பிஸ்மார்க்’ விளையாட்டை வெளியிட்டபோது, மறைந்த கப்பலைத் தேடும் ஆட்டத்தைக் கணினி மறைத்து நடத்தியது. அதாவது நடுவர் மீண்டும் வந்தார். ஆனால் பாதி நடுவராக.

இந்தப் பாதி என்பதை விளக்க வேண்டும். பழைய நடுவர் கணக்கராகவும் இருந்தார், மறைப்பவராகவும் இருந்தார், விதியில் சொல்லப்படாத நிலை வரும்போது தீர்ப்பவராகவும் இருந்தார். கணக்கையும் மறைப்பையும் கணினி மனிதரைவிடத் திறம்படச் செய்கிறது. ஆயிரம் படைப்பிரிவுகளின் இழப்பை நொடியில் கூட்டிச் சொல்கிறது. மூன்றாவது வேலை அதனிடம் இல்லை. விதியில் இல்லாத நிலை கணினியில் எழுவதே இல்லை. எழ முடியாதபடி அது கட்டப்பட்டிருக்கிறது. ரைஸ்விட்ஸின் மேசையில் ஓர் அதிகாரி ‘இப்பாலத்தை நான் எரித்துவிட்டால்?’ என்று கேட்டிருக்கலாம். கணினியில் பாலத்தை எரிக்கும் பொத்தான் இருந்தால் எரிக்கலாம். இல்லையேல் அக்கேள்வியையே கேட்க இயலாது.

ஆயினும் எல்லாத் தழுவலும் இழப்பே என்று சொல்ல நான் வரவில்லை. ‘சிவிலைசேஷன்’ வரிசையின் முந்தைய விளையாட்டுகளில் ஒரே கட்டத்தில் பல படைகளை அடுக்கிவைக்க முடிந்தது. ஐந்தாம் பதிப்பு (2010) அறுகோணக் கட்டத்துக்கு மாறி, ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. பலகைப் போர் விளையாட்டுகளின் அறுகோண மரபில் வந்த ‘பான்சர் ஜெனரல்’ (1994) அதற்கு முன்மாதிரி. அவ்வொரு மாற்றத்தால் கணவாயும் ஆற்றுத்துறையும் திடீரெனப் பொருள்பெற்றன. இடம் என்பதே வலிமையாயிற்று. மேசையின் படத்தை நகலெடுக்காமல் அதன் நெருக்கடியை எடுத்துக்கொண்ட தழுவல் இது. ஆடுபுலிச் செயலிகளை அளக்க இதுவே தகுந்த அளவுகோல்.

23 புள்ளிகள்

பரவலாக வழங்கும் ஆடுபுலிப் பலகையில் உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் அடிக்கோட்டுக்கு இறங்குகின்றன. மூன்று கிடைக்கோடுகள் அவற்றை வெட்டி இருபுறமும் நீண்டு, நீண்ட முனைகள் செங்குத்துக் கோடுகளால் இணைகின்றன. கிடைக்கோட்டுக்கு ஆறாகப் பதினெட்டு, அடியில் நான்கு, உச்சியில் ஒன்று: ஆக 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. புலிகள் உச்சியிலும் அதன் கீழும் முதலிலேயே அமர்ந்துவிடும். ஆடுகள் முறைக்கு ஒன்றாக இறங்கும். எல்லாம் இறங்கிய பின்னரே நகரும். அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் வெற்றுப்புள்ளி இருந்தால் புலி தாவி வெட்டும். நகர வழியின்றிப் புலிகள் அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. தெலுங்கில் புலிஜூதம் என்றும், கன்னடத்தில் ஆடு ஹுலி ஆட்ட என்றும் இதன் உறவுகள் வழங்குகின்றன.

ஒரு சிறு கணக்கு இவ்வாட்டத்தின் உயிரைக் காட்டும். ஓர் ஆடும் வெட்டுப்படாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் பலகையில் எஞ்சும் வெற்றிடம் ஐந்தே. ஓர் ஆடு வீழ்ந்தால் வெற்றிடம் ஆறு. இரண்டு வீழ்ந்தால் ஏழு. அதாவது இங்கு இழப்பு உயிர்க்கணக்கன்று, இடக்கணக்கு. வீழும் ஒவ்வோர் ஆடும் புலிக்கு மூச்சுவிட ஓர் இடம் தருகிறது. போர்முடிவு அட்டவணையும் பகடையும் கொண்டு மேலைப் போர் விளையாட்டுகள் சாதிக்கும் ஒன்றை, அதாவது இழப்பு அடுத்தடுத்த இழப்பை ஈனுவதை, இப்பலகை தன் வடிவத்தாலேயே செய்துவிடுகிறது. மேற்கோட்டின் இரு முனைகளில் அமரும் ஆட்டை எப்புலியும் தாவ முடியாது. அதன் பின் கோடு இல்லை. நடுக்கோட்டின் முனையிலோ, பக்கவாட்டில் காப்பு உண்டு. மேல்கீழாகத் தாவ வழி உண்டு. ஆடு ஆடுபவரின் திறமை எங்கே வைப்பது என்பதைவிட, வைத்த ஆட்டின் பின்னால் என்ன காலியாக இருக்கிறது என்று பார்ப்பதில் இருக்கிறது.

வேலூருக்குத் தெற்கே, ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள அமிர்தியில் இவ்வாட்டம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. இதைக் களஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஒரு பிற்பகலின் உற்றுநோக்கல் மட்டுமே. சிமெண்டுத் திண்ணையில் கரிக்கோடு, ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குச் செங்கல் துண்டு. ஆட்டம் தொடங்குமுன் இளையவர் கேட்டது: “எத்தினிக்கு மாமா?” மூத்தவர் சொன்னது: “ஆறுக்கு வெச்சிக்கோ.” ஆறு ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பது உடன்பாடு. இடையில் புலி ஒரே முறையில் அடுத்தடுத்து இரண்டு ஆடுகளைத் தாவ, அருகிலிருந்து பார்த்தவர் தடுத்தார். ஒன்றுதான் வெட்டலாம் என்றார் அவர். எங்கள் ஊரில் அப்படி இல்லை என்றார் ஆடியவர். சிறிது பேச்சுக்குப் பின் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது என்றாயிற்று, ஆட்டம் தொடர்ந்தது. எவ்வளவு நேரம் ஆடினார்களோ அதில் கணிசமான பங்கு பேசினார்கள்.

எண்ணிக்கையில் ஊருக்கூர் வேறுபாடு உண்டு என்பது இவ்வாட்டத்தை அறிந்த எவருக்கும் புதிய செய்தியன்று. நான் சுட்ட விரும்புவது வேறு. விதி இங்கே ஆட்டத்துக்கு முன்னால் எழுதிவைக்கப்பட்ட ஒன்றாக இல்லை; ஆட்டத்துக்குள் நிகழும் ஒரு செயலாக இருக்கிறது. ‘எத்தனைக்கு’ என்ற கேள்வி ஆட்டத்தின் முதல் காய்நகர்த்தல். மூத்தவர் தம் வலிமையை அறிந்து எண்ணை உயர்த்தலாம். இளையவருக்கு இடம் கொடுக்கத் தாம் ஆடும் தரப்புக்கு எதிராகவும் அதை வைக்கலாம். தீர்ப்பவர் என்ற நடுவரின் மூன்றாம் வேலையை இங்கு ஆடுவோரும் பார்ப்போரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். கிரீக்ஸ்ஷ்பீல் மரபில் இறுக்கமானது, கட்டற்றது என்று இரண்டு பள்ளிகளாகப் பிரிந்து நின்றது, இத்திண்ணையில் பிரியாமல் இருக்கிறது.

செயலிகள் செய்வன

கைப்பேசியில் கிடைக்கும் ஆடுபுலிச் செயலிகள் பலவற்றிலும் பொதுவாக உள்ள சில கூறுகளை எடுத்துக்கொள்கிறேன். குறிப்பிட்ட ஒன்றைப் பெயர் சுட்டிக் குறைகூறுவது நோக்கமன்று. பலகை நேர்த்தியாக வரையப்படுகிறது. புலிக்கு உறுமல், ஆட்டுக்குக் கத்தல். கணினியை எதிர்த்தோ, ஒரே கைப்பேசியில் இருவராகவோ ஆடலாம். ஒரு காயைத் தொட்டால் அது செல்லக்கூடிய புள்ளிகள் ஒளிர்கின்றன. தவறாக வைத்ததைத் திரும்பப் பெறும் வசதி பலவற்றில் உண்டு.

ஒளிரும் புள்ளி சிறிய உதவியாகத் தோன்றுகிறது. ஆனால் மேலே சொன்னதை நினைவுகூர்ந்தால் அது எதைத் தொட்டுவிடுகிறது என்பது விளங்கும். பின்னால் காலியா என்று பார்ப்பதே ஆட்டம் என்றால், காலியைக் காட்டிக்கொடுக்கும் ஒளி ஆட்டத்தின் ஒரு பகுதியைத் தானே ஆடிவிடுகிறது. திண்ணையில் புலி ஆடுபவர் ஒரு தாவலைக் காணாமல் விடலாம். எதிரில் இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கைகட்டி அமர்ந்திருக்கலாம். காணாமை அங்கே போரின் ஒரு கூறு. கணினிக்கு வந்த மேலை விளையாட்டுகள் எதிரியை மறைப்பதைத் தம் பெரும் சாதனையாகக் கொண்டபோது, நம் செயலிகள் எல்லாம் வெளிப்படையாக உள்ள ஒரு பலகையில் எஞ்சியிருந்த ஒரே மறைவையும் நீக்கிவிட்டன என்பது வியப்பளிக்கிறது.

இதனினும் பெரிது, விதி உறைந்துபோதல். செயலியை எழுதுபவர் ஓர் எண்ணைத் தேர்ந்தாக வேண்டும். ஐந்தோ ஆறோ பத்தோ. தேர்ந்ததற்கு அவர் காரணம் சொல்வதில்லை. எந்த ஊரின் வழக்கு என்று குறிப்பதும் அரிது. நாளடைவில் தேடுபொறியில் முதலில் வரும் செயலியின் விதியே ‘ஆடுபுலி ஆட்டத்தின் விதி’ ஆகிவிடும். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பாடவேறுபாட்டைக் காட்டாமல் ஒரு பாடத்தை மட்டும் அச்சிடும் பதிப்பாசிரியரை நாம் எவ்வாறு மதிப்பிடுவோமோ, அவ்வாறே இதையும் மதிப்பிட வேண்டும். உ. வே. சாமிநாதையரின் பதிப்புகளை முன்வைத்துப் பாடவேறுபாட்டின் அருமையை வகுப்பறையில் விளக்கும் துறை, விளையாட்டு என்று வரும்போது அவ்வளவுகோலைக் கீழே வைத்துவிடுவது பொருத்தமாக இல்லை.

கணினி எதிராளியைப் பற்றியும் ஒரு சொல். நேபாளத்தின் பாக்சால் விளையாட்டு ஆடுபுலிக்கு நெருங்கிய உறவு: 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு, ஐந்து ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் ஆகியோர் கணினியால் ஆராய்ந்து, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் அது சமநிலையில் முடியும் என்று நிறுவினர். அழகான முடிவு. ஆனால் அது ‘ஐந்து’ என்ற எண்ணைப் பற்றிய முடிவு. எண் மாறினால் புதிதாகக் கணக்கிட வேண்டும். அமிர்தித் திண்ணையில் அந்த எண் ஆட்டத்துக்கு ஆட்டம் பேசி வைக்கப்படுகிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் கேமரன் பிரவுன் தலைமையில் 2018 இல் தொடங்கிய டிஜிட்டல் லூடீம் திட்டம், ‘லூடீ’ என்னும் கணினி அமைப்பை உருவாக்கியது. ஒரு விளையாட்டை அதன் விதிக்கூறுகளாகப் பிரித்து எழுதும் இவ்வமைப்பில், ஒரே விளையாட்டின் பல விதித்தொகுதிகளை அவற்றின் சான்றுகளோடு அருகருகே வைக்க முடியும். பதிப்பியல் நெறிக்கு இது நெருங்கி வருகிறது. ஆயினும் அதுவும் பதிவே. தொகுதிகளுள் ஒன்றைத் தேர்ந்து ஆடலாமே தவிர, ஆட்டத்தின் நடுவே பேசிப் புதியதொன்றை ஆக்க வழியில்லை. ஒரு செயலி செய்யக்கூடிய மிகச் சிறிய திருத்தம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் எண்ணைக் கேட்கட்டும். இருவர் ஆடும்போது இருவரும் ஒப்பினால் மட்டும் ஆட்டம் திறக்கட்டும். அடுத்தடுத்த தாவல் கூடுமா என்ற கேள்வி முதன்முறை அந்நிலை எழும்போது கேட்கப்படட்டும். நிரலெழுதுவோர்க்கு இது கடினமான வேலை அன்று. உறுமல் ஒலிக்குச் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கு போதும்.

ஆகோளுக்குப் பின்

வெட்சிக்கு மீண்டு வருவோம். ஆடுபுலியைத் திரைக்குக் கொண்டுவருவது தழுவலின் ஒரு வழி. தமிழ்ப் போர்மரபைப் பெரிய வியூக விளையாட்டுக்குள் கொண்டுவருவது இன்னொரு வழி. அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டின் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவு 2022 இல் வெளிவந்தது. அதில் திராவிடர் என்னும் தரப்பு உண்டு. சுருள்வாளான உருமியை ஏந்திய வீரர் உண்டு. திரிசடை என்னும் கப்பல் உண்டு. இராசேந்திர சோழனை மையமாகக் கொண்ட படலமும் உண்டு. நம் இளைஞர் பலர் இதைக் கொண்டாடினர், கொண்டாடியதில் பிழையில்லை. ஆனால் வாள் மாறியது, கப்பல் மாறியது, போர் மாறவில்லை. மரம் வெட்டு, பொன் தோண்டு, படை திரட்டு, எதிரியை அழி என்னும் இயக்கம் எல்லாத் தரப்புக்கும் ஒன்றே.

வியப்பான செய்தி என்னவெனில், அவ்விளையாட்டுக்குள் ஒரு வெட்சி ஒளிந்திருக்கிறது. தொடக்க நிமிடங்களில் நிலத்தில் திரியும் ஆடுகளைக் கண்டு சேர்க்க வேண்டும். காவலின்றி விடப்பட்ட ஆட்டின் அருகே எதிரியின் ஆள் வந்துவிட்டால் அது எதிரிக்குச் சொந்தமாகிவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் குதிரையேறிய ஒற்றனை அனுப்பி எதிரியின் ஆடுகளைக் கவர்ந்து வருவர். ஒற்றறிதல், கவர்தல், ஓட்டிவருதல் எல்லாம் இருக்கின்றன. அதன்பின் நடப்பது ஒன்றே: ஆடு வெட்டப்பட்டு, மேலேயுள்ள பட்டையில் உணவின் எண்ணிக்கை கூடுகிறது.

தொல்காப்பியம் வெட்சிக்குக் கூறும் துறைகள் பதினான்கு. படை புறப்படும் ஆரவாரத்தில் தொடங்கி, விரிச்சி கேட்டல், ஒற்றறிதல், ஊரைச் சூழ்தல் என வளர்ந்து, ஏழாவதாக ஆகோள் வருகிறது. எஞ்சிய ஏழும் கவர்ந்ததற்குப் பின் நிகழ்வன: தொடர்ந்து வருவோரைத் தடுத்தல், நிரையை நோவாமல் ஓட்டிவருதல், ஊருக்குக் கொணர்ந்து நிறுத்தல், பங்கிடல், உண்டாடல், கொடுத்தல் முதலியன. அதாவது போரின் சரிபாதி வெற்றிக்குப் பின் இருக்கிறது. மேசைப் போர் விளையாட்டின் விதிநூல்களில் ஒவ்வொரு முறைக்கும் நகர்வு, மோதல், வழங்கல் என்று வரிசை வகுக்கப்பட்டிருக்கும். அப்படியொரு வரிசையாகவே இப்பதினான்கையும் படிக்க முடியும் என்று கருதுகிறேன். நோவாமல் ஓட்டுதல் ஒரு விதியானால், விரைந்து ஓட்டினால் நிரை நலியும். மெல்ல ஓட்டினால் கரந்தையார் எட்டிவிடுவர். பங்கிடல் ஒரு விதியானால், யாருக்கு எவ்வளவு என்பதில் பிழைத்தவன் அடுத்த வெட்சிக்கு ஆளின்றி நிற்பான். இன்றைய வியூக விளையாட்டுகளில் கவர்ந்தது தானே கருவூலத்தில் சேர்கிறது. பங்கு கேட்பார் இல்லை.

இழப்பு பற்றியும் இந்நிலம் ஒன்று சொல்கிறது. ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களை இரா. நாகசாமி 1972 இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுப்பாக வெளியிட்டார். தொறு கொண்டபோதும் தொறு மீட்டபோதும் பட்டவர்கள் அரசனின் ஆட்சியாண்டோடும் தம் பெயரோடும் அக்கற்களில் நிற்கின்றனர். எடுத்தனூர்க் கல்லில், எருமைகளைக் காத்து வீழ்ந்த கருந்தேவகத்தியோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்த நாயும் கோவிவன் என்று பெயர் பெற்றிருக்கிறது. காலம் முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சி. வெட்சி வீரனும் கரந்தை வீரனும் ஒரே வகைக் கல்லைப் பெறுகின்றனர் என்பது கருதத்தக்கது. வியூக விளையாட்டின் படைவீரன் வீழ்ந்ததும் சில நொடிகளில் திரையிலிருந்து மறைகிறான். விதிவிலக்காக ‘எக்ஸ்காம்: எனிமி அன்நோன்’ (2012) மாண்ட வீரர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சுவர் ஒன்றைத் தளத்துக்குள் வைத்தது. ஆட்டக்காரர்கள் தம் வீரர்க்குத் தாமே பெயரிட்டு, வீழ்ந்தபின் அச்சுவருக்கு மீண்டும் மீண்டும் சென்று பார்த்தனர். பெயர் ஒன்றே அவர்களின் அடுத்த படைநகர்வை எச்சரிக்கையுள்ளதாக்கியது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். துறைகள் பாடுபொருள் வகைகள்; ஆட்டவிதிகள் அல்ல; இலக்கணத்தை நிரலாகப் படிப்பது அதன் இயல்புக்கு மாறானது என்று கூறலாம். மறுப்பில் வலு உண்டு. புலவர் ஒரு துறையை மட்டும் எடுத்துப் பாடலாம். படைத்தலைவனோ, கவர்ந்தபின் ஓட்டாமலும் ஓட்டியபின் பங்கிடாமலும் இருக்க முடியாது. ஆனால் உரையாசிரியர்களும் துறைகளைக் கலைத்துப்போடக்கூடிய தலைப்புகளாகக் கொள்ளாமல், ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் செயல்களாகவே விளக்கிச் செல்கின்றனர். அவ்வரிசையை ஒரு பலகையில் வைத்து ஆடிப் பார்த்தால் எத்துறை ஆட்டத்தைத் தாங்குகிறது, எத்துறை பாட்டில் மட்டும் நிற்கிறது என்பது தெரியவரும். அதற்குக் கணினி உடனே வேண்டியதில்லை. ஒரு கரித்துண்டும், புளியங்கொட்டையும், விதியைப் பற்றிச் சண்டையிடத் தயங்காத நான்கு ஆய்வு மாணவர்களும் முதலில் வேண்டும். செயலி அதன் பின்னர் எழுதப்படலாம்.